ஓடைக்கு இந்தப் பக்கம்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்பதுதான் முறை. முறை பார்க்கிற நிலையில் நாம் இரண்டு பேரும் இல்லை, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் ஒரு ஜீப் வந்தது. வனத்துறை ஜீப் இல்லை, பளபளவென்று புதுசு. நாலு பேர் இறங்கி மலைக்கு ஏறினார்கள். சாயங்காலம் இறங்கி வந்தபோது ஒருத்தன் கையெல்லாம் சிவப்புப் பெயிண்ட். மறுநாள் உன் அத்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். காபியை வைத்தேன், ஆறி ஆடை கட்டும்வரை தொடவில்லை. பாறுக்கழுகுகள் கூடு கட்டுகிற செங்குத்துப் பாறை இருக்கிறதல்லவா, அதன் முகம் முழுக்கக் கட்டம் கட்டமாகச் சிவப்புக் கோடு போட்டு நம்பர் எழுதியிருக்கிறார்களாம். கல்குவாரி வருகிறது. "வெடி வைக்க அளந்திருக்காங்க"ன்னார். அன்று முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான்.

அவரைப் பற்றி உனக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்ததைவிட அந்தக் கழுகுகளின் மொட்டைத் தலையைப் பார்த்ததுதான் அதிகம். தினக்கூலிக் காவலராகச் சேர்ந்தவர், தினக்கூலிக் காவலராகவே கிழவராகிவிட்டார். அந்தப் பாறை போனால் இந்த மனுஷனை நான் எங்கே வைத்துப் பார்த்துக்கொள்வேன் என்று தெரியவில்லை.

ரேஞ்சரிடம் போய்க் கேட்டேன். "சரணாலயத்துக்குள்ள குவாரி எப்படிங்க வரும்?"

"சரணாலயம்னா மேல இருந்து ஒரு அனுமதி வாங்கிட்டு வந்துடுவாங்கம்மா. தேசியப் பூங்கான்னு அறிவிச்சுட்டா ஒரு கல்லைக்கூட தொட முடியாது. அந்த ஃபைல் தலைநகர்லதான் தூங்குது. உங்க தம்பி அந்த ஆபீஸ்லதானே இருக்கார்?"

எனக்கு ஒரு தம்பி இருப்பது ஊருக்கு ஞாபகம் இருக்கிறது.

வெள்ளம் வந்த வருஷம் நீ வரவில்லை. மணியார்டர் வந்தது. ஆள் வரவில்லை, பணம் வந்தது. திருப்பி அனுப்பினேன். வெள்ளத்தில் எது போனது, எது மிஞ்சியது என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. இந்த நாலு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தேன். இப்போது எனக்காகத் திறக்கவில்லை. அந்த ஃபைலை எழுப்பு. அதற்கு மட்டும் பதில் எழுது.

அக்கா

*

பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கவரைப் பிரிக்க எனக்குப் பயமாக இருந்தது. மேஜை டிராயரில் போட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போன பிறகு பிரித்தேன். திட்டு இவ்வளவு குறைவாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கோப்பு இருக்கிறது. என் மேஜைக்குப் பின்னால் இருக்கிற அலமாரியில், கீழ்த்தட்டில் இருக்கிறது. நான் இங்கே வரைவாளர். பெரிய பதவி என்று நினைத்துக்கொள்ளாதே. பூங்காவுக்கு எல்லை எது என்பதை நாலு திசைக்கும் வார்த்தையில் எழுதி, அதற்கு ஒரு படம் போட்டு மேலே அனுப்புவது என் வேலை. "இந்த உச்சியிலிருந்து அந்தப் பாலம் வரை, அங்கிருந்து இந்த வாய்க்காலின் இடது கரையோடு" என்று எழுதுவோம். அரசிதழில் வந்துவிட்டால் அந்த வார்த்தைதான் சட்டம். படம் சும்மா துணைக்கு.

மேலே போகும்படி செய்துவிடுவேன். புதிதாக வந்திருக்கும் இயக்குநருக்குத் தன் காலத்தில் ஒரு பூங்கா அறிவிக்க வேண்டும் என்று ஆசை இருக்கிறது.

ஆனால் நீ ஒன்றைத் தெரிந்துகொண்டு கேள். சரணாலயத்தில் இருக்கிறவர்கள் இருக்கலாம். தேசியப் பூங்காவில் யாரும் இருக்க முடியாது. வீடு கூடாது, மாடு கூடாது, காய்ந்த சுள்ளி பொறுக்கக் கூடாது. நம் வீட்டையும் சேர்த்து அங்கே ஏழு வீடு. குவாரிக்குப் பயந்து நீ கேட்பது உன் வீட்டு வாசலில் வந்து நிற்கலாம். அத்தானிடம் பேசிவிட்டு எழுது.

அவர் முட்டிவலி எப்படி இருக்கிறது?

உன் தம்பி

*

மார்ச் 3

தம்பிக்கு,

முட்டிவலி முட்டியில்தான் இருக்கிறது.

பேசினேன். உன் அத்தான் சிரித்தார். "நம்மளை யாரு வெளிய அனுப்புவா? இத்தனை வருஷம் காட்டுக்குக் காவல் நாமதானே?" என்றார். எனக்கும் அதுதான் தோன்றியது. உன் சட்டத்துக்கு எங்களைத் தெரியாது என்று நீ சொல்வாய். உனக்குத் தெரியுமே? கோட்டைப் போடுகிற கை உன்னுடையதாக இருக்கும்போது நான் எதற்குப் பயப்பட வேண்டும்? ஏழு வீட்டையும் வெளியே விட்டுவிட்டுப் போடு. கடுகளவு இடம். மலையும் பாறையும் உள்ளே இருந்தால் போதும்.

ஏழு வீட்டிலும் கையெழுத்து வாங்கிவிட்டேன், பூங்கா வேண்டும் என்று. மனு தனியாக வருகிறது. முடிவெட்டுகிறவர் மட்டும் இழுத்தார். அவருக்கு எதிலும் சந்தேகம், தலையில் பாதி வெட்டிவிட்டு நின்று யோசிக்கிற ஆள். "அரசாங்கத்துகிட்ட நாமளே போய் எங்களைக் கவனிங்கன்னு சொல்றது, தூங்குற நாயைத் தட்டி எழுப்புற மாதிரி இல்லையா?" என்றார். "என் தம்பி இருக்கான், நான் ஜவாப்" என்றேன். என் முகத்துக்காகப் போட்டார்.

எல்லையை எழுதுகிறவர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள் என்று ரேஞ்சர் சொன்னார். வருவதென்றால் வா. வரச் சொல்லவில்லை. வந்தால் துரத்த மாட்டேன், அவ்வளவுதான். உன் அறையில் உன் கட்டில் இல்லை, வெள்ளத்தோடு போய்விட்டது. பாய் இருக்கிறது.

அக்கா

*

ஏப்ரல் 28

அன்புள்ள அக்கா,

எல்லை எழுதிவிட்டேன். மேலே போய்விட்டது.

ஏழு வீடும் வெளியே இருக்கின்றன. எப்படி எழுதினேன் என்று கேட்காதே. வரைவு நிலையில் இருக்கும் கோப்பை வெளியில் சொன்னால் என் வேலை போய்விடும். இயக்குநர் முதலில் சாலை வரைக்கும் எல்லையை இழுக்கச் சொன்னார். சாலை வரை என்றால் எல்லா வீடும் உள்ளே. "சார், இயற்கையான எல்லை இருந்தா கோர்ட்ல நிக்கும்" என்று சொல்லிச் சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தேன். யாருக்கும் சந்தேகம் வராது.

இனி ஒரு சடங்கு பாக்கி. ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று ஓர் அதிகாரி வந்து உங்கள் தாலுகா ஆபீஸில் உட்காருவார். தயவுசெய்து யாரும் போகாதீர்கள். ஒரே ஓர் ஆட்சேபம் வந்தாலும் எல்லையைத் திரும்ப அளப்பார்கள். அப்போது வேறு யாரோ வந்து, என்னைப் போல் வளைத்து எழுத மாட்டார்கள். சாலைக்கே இழுத்துவிடுவார்கள். ஏழு வீட்டுக்கும் நீதான் சொல்ல வேண்டும்.

நேரில் வர முடியவில்லை. வேலை அதிகம். வர வேண்டிய அவசியமும் இல்லை அக்கா. அந்த இடம் எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்.

உன் தம்பி

*

ஜூன் 17

தம்பிக்கு,

கண்ணை மூடினாலும் தெரியுமாம்! கண்ணைத் திறந்துகொண்டு ஒரு தடவை வந்தால் குறைந்தா போய்விடுவாய்? பாயை எடுத்து வெயிலில் போட்டு வைத்திருந்தேன். திரும்பச் சுருட்டி வைத்தாயிற்று.

நீ சொன்னபடியே ஆயிற்று. அதிகாரி வந்து தாலுகா ஆபீஸில் ஃபேனுக்குக் கீழே நாளெல்லாம் உட்கார்ந்திருந்தாராம். யாரும் போகவில்லை. டீ குடித்தார், செய்தித்தாள் படித்தார், "ஆட்சேபம் ஏதுமில்லை" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

போகவில்லை என்று சுலபமாக எழுதிவிட்டேன். முடிவெட்டுகிறவர் அன்று காலை சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். "போய் என்ன எழுதியிருக்குன்னு படிச்சாவது பாத்துட்டு வரேன்"ன்னார். நான் தெருவில் நின்று கரடியாய்க் கத்தினேன். "எம் பேச்சை நம்பலேன்னா இனி எம் முகத்துல முழிக்காதீங்க!" என்றேன். பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. அவர் ஏறவில்லை. திரும்பிப் போய்க் கடையைத் திறந்தார். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது, பொய் சொல்லவில்லை.

உன் அத்தான் இப்போது நன்றாகப் பேசுகிறார். பாறையில் இருக்கும் சிவப்புக் கோட்டின் மேலேயே ஒரு ஜோடி உட்கார்ந்து எச்சம் போட்டு வெள்ளையடித்துவிட்டதாம். "நம்பரை அழிச்சுடுச்சு பாரு, எவ்வளவு விவரம்!" என்று குழந்தை மாதிரிச் சிரிக்கிறார். நேற்று இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நீ செய்தது நல்ல காரியம். நாலு வருஷத்துக் கோபம் பாதி போய்விட்டது. மீதியை நேரில் வாங்கிக்கொள்.

அக்கா

*

செப்டம்பர் 5

அன்புள்ள அக்கா,

அறிவித்தாயிற்று! அரசிதழில் வந்துவிட்டது. நான் எழுதியதில் ஒரு வார்த்தை மாறவில்லை. குவாரிக்காரர்களின் விண்ணப்பம் தானாகவே செத்துவிட்டது. அவர்கள் கோர்ட்டுக்குப் போவார்கள் என்கிறார்கள், போகட்டும். ஆபீஸில் கேக் வெட்டினோம். இயக்குநர் எனக்கும் ஒரு துண்டு ஊட்டிவிட்டார். மூக்கிலெல்லாம் க்ரீம்.

அடுத்த மாதம் எல்லைக்கல் நட ஆள் வருவார்கள். அவர்களுக்கு ஒரு டீ போட்டுக் கொடு.

மீதிக் கோபத்தை வாங்கிக்கொள்ள நான் வரலாமா? தேதியை நீயே சொல். அத்தானுக்கு ஒரு பைனாகுலர் வாங்கி வைத்திருக்கிறேன், நல்ல ரகம். கழுகின் கண்ணே தெரியும்.

உன் தம்பி

*

அக்டோபர் 11

டீ போட்டுக் கொடுத்தேன்.

அதைத்தான் முதலில் எழுத வேண்டும். நானே டீ போட்டு, டம்ளரைக் கழுவி, அவர்கள் கையில் கொடுத்தேன். குடித்துவிட்டு அவர்கள் என் வாசலுக்கு முன்னால் குழி தோண்டினார்கள்.

"இங்க எதுக்குப்பா? எல்லை அந்தப் பக்கம், வீட்டுக்குப் பின்னால" என்றேன். பெரியவனாக இருந்த ஒருத்தன் காகிதத்தைப் பார்த்துப் படித்தான். "ஓடையோட கிழக்குக் கரை நெடுகன்னு போட்டிருக்கும்மா. ஓடை இதானே?"

ஓடை அதுதான்.

நீ இருந்த காலத்தில் ஓடை வீட்டுக்குப் பின்னால் ஓடியது. மலைக்கும் நமக்கும் நடுவில். நீ அதில் குதித்து நெற்றியை உடைத்துக்கொண்டது அங்கேதான். வெள்ளம் வந்த ராத்திரி அது மேலே கரையை உடைத்துக்கொண்டு திரும்பி, நமக்கும் சாலைக்கும் நடுவில் வழி எடுத்துக்கொண்டது. வடிந்த பிறகு திரும்பிப் போகவில்லை. பின்னால் இருப்பது வெறும் கூழாங்கல். இப்போது ஓடை ஓடுவது என் வாசலுக்கு முன்னால். மரப்பாலம் போட்டு அதைத் தாண்டித்தான் நாங்கள் பஸ்ஸுக்கே போகிறோம். ஏழு வீடும் மலைப் பக்கம் இருக்கிறது. பூங்காவுக்குள் இருக்கிறது. உன் வார்த்தைப்படி.

நான் சொல்லவில்லை. நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு வரியில் சொல்லியிருப்பேனே, பாவி! வந்திருந்தால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் உன் கால் மரப்பாலத்தில் பட்டிருக்குமே!

"எல்லை எழுதுனவங்க நேர்ல வந்து பாக்கலியா?" என்று கேட்டேன். "பாத்தாச்சுன்னு கையெழுத்து இருக்கும்மா" என்று காட்டினான். உன் கையெழுத்து. உனக்கு எழுதப் பழக்கியவள் நான், எனக்கா தெரியாது?

முடிவெட்டுகிறவர் கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்க் கடையைச் சாத்திக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

என்ன செய்யப்போகிறாய்?

*

அக்டோபர் 19

அக்கா,

இந்தக் கடிதத்தை எத்தனையாவது தடவையாகத் திருத்தி எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

எங்கள் ஆபீஸில் இருக்கும் வரைபடம் பழையது. அதில் ஓடை நம் வீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. என் மனசிலும் அங்கேதான் இருந்தது. இரண்டும் ஒத்துப்போனதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஓடையின் கிழக்குக் கரை என்று எழுதினால் வீடுகள் தப்பிவிடும் என்று எனக்குள்ளே அவ்வளவு சந்தோஷம்.

நான் வந்தேன் அக்கா. ஏப்ரலில், களப்பார்வைக்கு என்று உத்தரவு வாங்கிக்கொண்டு, உங்கள் ஊர் பஸ் கிளம்புகிற ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். பஸ் நின்றது. ஏறவில்லை. நீ வாசலில் நின்று என்ன கேட்பாய் என்று நினைத்துக்கொண்டே நின்றுவிட்டேன். பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கிவிட்டுத் திரும்பிவிட்டேன். பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டேன். தெரிந்த இடம்தானே, என்ன தப்பு வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன்.

இப்போது என்ன செய்ய முடியும் என்று விசாரித்தேன். எல்லையைத் திருத்த வேண்டும் என்றால் காரணம் எழுத வேண்டும். காரணம் ஒன்றுதான்: பார்க்காமல் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன். எழுதிக் கொடுத்தால் என் வேலை போகும், அது போகட்டும். ஆனால் குவாரிக்காரர்கள் கோர்ட்டில் கேஸ் போட்டுவிட்டார்கள். எல்லையை ஒழுங்காகப் பார்க்காமல் அறிவித்தது செல்லாது என்பதுதான் அவர்கள் வாதம். கையில் ஆதாரம் இல்லாமல் வெறுமனே சொல்கிறார்கள். என் காகிதம் போனால் அதுவே ஆதாரம். மொத்த அறிவிப்பும் விழும். வீடு நிற்கும். பாறை போய்விடும்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பாறை நிற்கும், வீடு போகும்.

மூன்றாவது வழி இருக்கிறதா என்று ஒரு வக்கீலிடமும் கேட்டுவிட்டேன். இல்லை. நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன்.

உன் தம்பி

*

நவம்பர் 2

தம்பி,

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தவன், அங்கிருந்து இங்கே வர ஒரு டிக்கெட் எடுக்கவில்லையா? அதை மட்டும் படிக்க முடியவில்லை. மடித்து வைத்துவிட்டுத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். நான் என்ன புலியா? வாசலில் நின்று கத்தியிருப்பேன். பிறகு சோறு போட்டிருப்பேன். எனக்கு வேறு என்ன தெரியும்?

முடிவை என் தலையில் கட்டிவிட்டாய். சின்ன வயசிலும் அப்படித்தான், பந்தை அடுத்த வீட்டுக் கூரையில் போட்டுவிட்டு என் பின்னால் வந்து நிற்பாய்.

உன் கடிதத்தை உன் அத்தானிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். எழுந்து மலைக்குப் போனார். முட்டிவலியோடு பாறை வரைக்கும் ஏறியிருக்கிறார். சாயங்காலம் வந்து கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்தார்.

"குஞ்சு பொரிச்சிருக்கு"ன்னார்.

"நான் கேட்டது என்ன, நீங்க சொல்றது என்ன?" என்றேன்.

"அதத்தான் சொல்றேன். நாம போயிட்டா வேற எங்கயாவது ஒண்டிக்கலாம். அதுங்க எங்க போகும்?"

நான் அழுதேன், சண்டை போட்டேன், தட்டைத் தூக்கி எறிந்தேன். இது நம் வீடு மட்டும் இல்லை, ஆறு குடும்பம் என் வாய்ப்பேச்சை நம்பி உட்கார்ந்தது என்று சொன்னேன். எறிந்த தட்டை எடுத்துக் கழுவி வைத்தார். வெடி வைத்தால் அந்த ஆறு குடும்பமும் எத்தனை நாள் இங்கே இருக்க முடியும்? தூசியைத் தின்றுகொண்டு கிடப்பார்கள். இப்படியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். சமாதானம் ஆகவில்லை.

நீ வாயைத் திறக்காதே. எழுதிக் கொடுக்காதே.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன். கையெழுத்து வாங்கியதும் நான், ஆட்சேபிக்க விடாமல் தடுத்ததும் நான். மற்றவர்களிடம் உன் பஸ் ஸ்டாண்டுக் கதையைச் சொல்லவில்லை. ஓடை மாறியது உனக்குத் தெரியாது என்று மட்டும் சொன்னேன். "உங்க தம்பிக்கு நீங்க சொல்லலியா?" என்று முடிவெட்டுகிறவர் கேட்டார்.

அக்கா

*

மார்ச் 14

அன்புள்ள அக்கா,

நாலு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. பழைய முகவரிக்கே எழுதுகிறேன். தபால்காரர் உங்களைத் தேடிக் கொடுப்பார் என்று நம்புகிறேன்.

கேஸ் தள்ளுபடி ஆகிவிட்டது. குவாரி இனி வராது. தீர்ப்பில் ஒரு வரி இருக்கிறது, "எல்லை நேரில் சரிபார்க்கப்பட்டே வரையறுக்கப்பட்டுள்ளது" என்று. என் கையெழுத்தைப் பார்த்துத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். இயக்குநர் எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் கொடுத்தார். அதைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் மகள் ஃபிரேம் போடலாம் என்றாள். வேண்டாம் என்று சத்தம் போட்டுவிட்டேன். அவளுக்குக் காரணம் தெரியாது. பாவம், அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

காலி செய்தவர்களுக்குக் கட்டிய காலனியில் உங்களுக்கு வீடு கொடுத்திருப்பதாக ரெக்கார்டில் பார்த்தேன். கூரை ஒழுகாத வீடா? அத்தானைப் பூங்காக் காவலராக எடுக்கச் சொல்லி எழுதினேன். வயசு தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பைனாகுலர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பார்சல் செய்யட்டுமா, கொண்டு வரட்டுமா?

திட்டியாவது எழுது.

உன் தம்பி

*

ஏப்ரல் 6

தம்பிக்கு,

தபால்காரர் தேடிக் கொடுத்தார். ஊரில் என்னோடு பேசுகிற ஒரே ஆள் அவர்தான். அவருக்கும் அது உத்தியோகம்.

கூரை ஒழுகவில்லை. கான்கிரீட். வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், உன் அத்தான் இரண்டு தடவை பக்கத்து வீட்டுக்குள் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டார். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். மலை இங்கிருந்து தெரியாது. தினமும் காலையில் ஜன்னலைத் திறந்து சுவரைப் பார்த்துவிட்டுச் சாத்துகிறார். ஆறு குடும்பமும் இதே வரிசையில்தான். குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றுவிடும். முடிவெட்டுகிறவர் இங்கேயும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார். உன் அத்தான் போய் உட்கார்ந்தாராம். "வெட்டுறேன், உங்களுக்கில்லாமலா? அம்மாவை மட்டும் இந்தப் பக்கம் வர வேண்டாம்னு சொல்லுங்க" என்றாராம். நல்ல மனுஷன்.

போன மாதம் ஒரு நாள் உன் அத்தானைக் காணோம். தேடாத இடமில்லை. மத்தியானம் பூங்கா ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார்கள். பழைய ஒற்றையடிப் பாதை வழியாகப் பாறைக்குப் போயிருக்கிறார். அத்துமீறி நுழைந்ததாக எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். புது ரேஞ்சர், நல்ல பையன். மரியாதையாகத்தான் பேசினான். "பெரியவரே, இனி இப்படிப் போனா கேஸாயிடும். எல்லாரையும் போல கேட் வழியா டிக்கெட் எடுத்துக்கிட்டு வாங்க, தாராளமா பாருங்க" என்றான். உன் அத்தான் தலையை ஆட்டினார்.

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன்.

மற்ற ஆறு வீட்டையும் இடித்துவிட்டார்கள். நம்முடையது மட்டும் நிற்கிறது. பச்சைப் பெயிண்ட் அடித்து, முன்னால் போர்டு வைத்திருக்கிறார்கள். அடுப்படி ஜன்னல் இருக்கிறதே, நான் நின்று உன்னைச் சாப்பிடக் கூப்பிடுவேனே, அதில்தான் டிக்கெட் கொடுக்கிறார்கள். வரிசையில் நின்றோம். முன்னால் ஒரு குடும்பம், குழந்தைகள் தொப்பி போட்டுக்கொண்டு குதித்தன. எங்கள் முறை வந்தது. உள்ளே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் என் அலமாரி தெரிந்தது. கதவு அதேதான், மேல் கீலுக்கு நான் கட்டிய கம்பிகூட அப்படியே இருந்தது.

"ரெண்டு டிக்கெட்" என்றேன்.

"உள்ளூரா, வெளியூரா?" என்று கேட்டாள்.

அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். அவள் திரும்பவும் கேட்டாள், கோபமாக இல்லை, பழக்கமாக.

உன் அத்தான்தான் குனிந்து ஜன்னலுக்குள் முகத்தைக் காட்டிச் சொன்னார். "வெளியூரும்மா."

பைனாகுலரைப் பார்சல் செய்யாதே, கொண்டு வா. பாய் இருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போது நீயும் வெளியூர் என்றே சொல். உள்ளூர் என்றால் அத்தாட்சி கேட்கிறார்கள்.

அக்கா